முகத்தில் இருந்தால் குற்றமில்லை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவே எனக்கு வராது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது போதாதென்று, எடுத்துக்கொண்ட விஷயமும் முகப்பரு. மலாயாவின் அவசர காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கிச் சூட்டையும் எரிந்துபோன லோரிகளையும் எழுதுகிறார்கள். அது நியாயம்தான். நானும் அந்தக் காலத்தில் இருந்தவள்தான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது என் முகமும், அதைப் பற்றி ஊரே சொன்ன யோசனைகளும்தான். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண், மாசமாக இருப்பவள், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கடைக்குப் போவதைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். பெரிய விஷயம் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை, அதாவது எங்கள் வரிசை வீடுகளைக் கலைத்து, எல்லாரையும் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரே ஒரு வாசல். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் அந்த வாசலில் சோதித்துத்தான் விடுவார்கள். அரிசி, மாவு, சீனி, மருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் ஜெயில்.

நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. என் கணவருக்கு ரப்பர் புகைபோடும் இடத்தில் வேலை. எங்களோடு என் மாமியாரும் இருந்தார். எனக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதமே தங்காமல் போயிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி உண்டானேன். இதுவாவது நிற்க வேண்டுமே என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

நாலாம் மாதம் முடியும்போது தாடையில் இரண்டு பரு வந்தது. வயசுக்கு வந்த காலத்தில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. பிறகு கன்னத்தில், நெற்றியில், தோள்பட்டையில். சிலது கல் மாதிரி உள்ளே இறுகி இருக்கும். தொட்டால் உயிர் போகும். சிலது சீழ் கட்டி எல்லாருக்கும் முன்னால் நிற்கும்.

மாசமாக இருக்கிற பெண்ணின் முகம் அவளுக்குச் சொந்தமில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். லயத்துக் குழாய் மாதிரி அது எல்லாருக்கும் பொது.

"பொட்டப் புள்ளதான். ஆத்தா அழக உள்ள இருக்கறவ உறிஞ்சிக்கிறா."

"இல்லடி, இது சூடு. சந்தனம் வச்சா அடங்கும்."

"சந்தனத்துக்கு எங்க போறது? அரிசியவே அளந்து போடறான்."

"காலையில எந்திரிச்சதும் எச்சியத் தொட்டு வைய்யி. எச்சிக்குமா ரேசன் போட்டிருக்கான்?"

இதெல்லாம் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்கள் சொன்னது. காலையில் ஆள் எண்ணும் இடத்தை நாங்கள் பெரட்டு என்போம். அங்கே வேலைக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போதே மண்டோர், அதாவது எங்கள் கங்காணி, "பால உறைய வைக்கிற ஆசிட்டுல ஒரு சொட்டு தொட்டு வைய்யி, பருவும் உறைஞ்சி ரப்பர் ரொட்டியாயிடும் லா" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். நான் தலைத்துணியை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டேன். வாசலில் இருந்த காவல்காரர் அந்தத் துணியை விலக்கச் சொல்லி, என் அடையாளக் கார்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இது யார் என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கே அப்போது கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். மாமியார் சொன்னதைத்தான் சகிக்க முடியவில்லை.

"ரத்தம் கெட்டுப் போச்சு. பேதிக்குக் குடிச்சி அதக் கழிச்சாகணும்."

எங்கள் தோட்டத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேதிக்குக் குடிப்பது வழக்கம். நிலாவாரை இலையைக் கொதிக்க வைத்து, விளக்கெண்ணெய் கலந்து, சூடாகக் குடிக்க வேண்டும். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். சிரங்கு, கட்டி, காய்ச்சல், பிள்ளைக்குப் படிப்பு வராதது எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. அந்த வரிசையில் என்னையும் என் வயிற்றையும் சேர்த்துவிட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. "மூத்தத வயித்துல வச்சிருந்தப்ப எனக்கும் மூஞ்சி பூரா இப்படித்தான் வந்திச்சி. எங்க ஆத்தா பேதிக்குக் குடின்னா. நான் குடிக்கல. பொறந்தது ஒடம்பெல்லாம் சிரங்கு. ஒரு வருசத்துக்கு மேல தங்கல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். கெட்டவர்களை எதிர்த்துப் பேசலாம். இப்படிச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது?

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசரிடம் போனேன். தோட்டத்து மருந்துக் கொட்டகை வேலிக்குள்ளேயே கடைசி லயத்துக்கு அடுத்து இருந்தது. அவர் கைராசிக்காரர். ஆனால் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"என்னா?"

நான் துணியை விலக்கிக் காட்டினேன்.

"பருவா? பருவுக்கா வந்திருக்க?" கொட்டகை முழுக்கக் கேட்டது. "எத்தன மாசம்?"

"அஞ்சு, ஐயா."

"இது வியாதி இல்ல. மாசமா இருந்தா சில பேருக்கு வரும். காலையிலயும் சாயந்தரமும் சோப்பு போட்டு மெதுவாக் கழுவு. தேய்க்காத. கிள்ளாத. தலை எண்ணெய மூஞ்சியில வழிய விடாத. கடையில வெள்ளையா ஒரு களிம்பு விக்கிறான், அத வாங்கிடாத, அதுல பாதரசம் இருக்கும், புள்ளைக்கு ஆகாது. வாய்வழியா எது போறதுன்னாலும் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும்."

"பேதிக்குக் குடிக்கச் சொல்றாங்க ஐயா."

"யாரு?"

"மாமியார்."

"குடிச்சின்னா வயித்த முறுக்கி வலி எடுத்துக்கும். ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு உனக்கு. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறார். "நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா" என்று இழுத்தேன்.

"நான் வீடு வீடாப் போயி மாமியாருங்களுக்குப் பாடம் நடத்தவா? அடுத்த ஆளு வா."

மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. வீட்டில் அதுவே வினையாகிவிட்டது. "மருந்தே குடுக்காதவன் என்னா டிரெசரு? கையில மருந்து இல்ல, அதான் குடிக்காதங்கிறான்" என்றார் மாமியார். கடைசியில் நானே ஒரு தவணை கேட்டேன். அடுத்த பேதி ஞாயிறு வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் முகம் தெளிந்துவிட்டால் மருந்து வேண்டாம். அவர் சரி என்றார். முகம் என் பேச்சைக் கேட்கும் என்று எந்த நம்பிக்கையில் சொன்னேனோ தெரியவில்லை.

கட்டிச் சோப்பை வாங்கி இரண்டு வேளையும் கழுவினேன். முகம் சுத்தமாக இருந்தது. பருவும் சுத்தமாக இருந்தது.

வாசலில் பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். தஞ்சோங் காராங்கில் வயல்காட்டுக்காரக் குடும்பம். நாங்கள் அவரை காக் என்று கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம். யாராவது வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு மாசமாக இருப்பதுபோல் போய்விடக் கூடாதென்று அவர் தினமும் என் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். அதனால் பிள்ளை வளர்வது என் மாமியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் என் துணியை விலக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். மறுநாள் சாயந்தரம் நான் வேலை முடிந்து உள்ளே வரும்போது, வாழையிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

உள்ளே மிளகு அளவில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் இருந்தன. மலாய்க்காரப் பெண்கள் முகத்துக்குப் போடும் பெடாக். அரிசியை நாள்கணக்கில் ஊறப்போட்டு, புளித்த பிறகு அரைத்து, உருட்டிக் காயவைப்பது. தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும். குளுமையாக இருக்கும் என்று சைகையோடு சொன்னார். வாய்வழி போகாத விஷயம் என்றாலும் டிரெசரைக் கேட்டுக்கொண்டேன். "மாவுதானே, பூசு. கெடுதல் இல்ல. பெரிசா நல்லதும் இல்ல" என்றார்.

நல்லது இருந்தது. எரிச்சல் அடங்கியது, சிவப்பு வெளியே தெரியவில்லை. பூசிக்கொண்டு வெளியே போனால் பேய் மாதிரி இருக்கிறாய் என்றார்கள். பருவோடு இருப்பதற்குப் பேயாக இருப்பது மேல். மாமியார்கூட ஒருநாள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அன்று பேதிப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரத்தில்தான் பிள்ளை முதல்முறையாக அசைந்தது. மரத்தடியில் குனிந்து நின்றபோது, தண்ணீர் வாளிக்குள் சின்ன மீன் திரும்பினதுபோல இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

பெடாக்கில் ஒரு குறை. வெயில் ஏறியதும் வேர்வையில் கரைந்துவிடும். ஒரு காலி தைல டப்பாவில் பத்து உருண்டைகளைப் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மரத்தடியில் தண்ணீர் தொட்டு மறுபடி பூசலாம் என்று நினைப்பு. அது முகத்துக்கு உள்ளது. அதை அரிசி என்று நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. லயத்தில் அடுத்த வீட்டுக்காரியிடம்கூட டப்பாவைக் காட்டினேன். அவளுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கென்று வாசலில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்து நின்றிருந்தார். காக்கின் கை என் இடுப்புக்கு வந்தது. டப்பாவில் பட்டதும் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரியாததுபோல விட்டுவிடத்தான் நினைத்தார், அது எனக்குப் புரிந்தது. ஆனால் கை நின்றதை அதிகாரி பார்த்துவிட்டார். டப்பாவைத் திறக்கச் சொன்னார். பெரட்டு முடிந்து வந்த கூட்டம் முழுக்க என் பின்னால் நின்றது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

"இது என்னான்னு தொர கேக்கறாரு."

"பெடாக், ஐயா."

"எதுல செஞ்சது?"

எனக்குப் பொய் உடனே வராது. "அரிசியில" என்றேன்.

பின்னால் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு, "மாவுன்னு சொல்லித் தொலச்சா என்னா?" என்றார்.

"மாவும் கூடாதே ஐயா."

"எதுக்கு இது?"

"மூஞ்சிக்கு."

"மூஞ்சிக்கு என்னா?"

துணியை எடுத்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார். கிராணி பார்த்தார். காவல்காரர்கள் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிலம் பிளக்க வேண்டும் என்று கதைகளில் சொல்வார்கள். எங்கள் தோட்டத்து நிலம் எதற்கும் பிளக்காது.

காக் அதற்குள் மலாயில் சொல்லிவிட்டார். நான்தான் கொடுத்தேன், இது சாப்பிடுகிற பொருள் இல்லை, எங்கள் வீட்டில் செய்தது என்று. அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதிகாரி ஓர் உருண்டையை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்த்தார். புளித்த வாடை மூக்கில் ஏறியதும் தலையைப் பின்னுக்கு இழுத்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"மூஞ்சியில இருக்கறது போகலாம். டப்பாவுல இருக்கறது போகக் கூடாது."

"மூஞ்சியில எத்தன கட்டி அரிசி வரைக்கும் போகலாம்னு கேட்டுச் சொல்லுங்க கிராணியாரே" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். "கன்னத்துல ஒரு படி தாங்கும்" என்றது இன்னொன்று.

டப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். அன்று மரத்தடியில் அழுதழுது துணியால் முகத்தைத் துடைத்ததில் இருந்த பரு எல்லாம் உடைந்து புண்ணாகிவிட்டது. தேய்க்காதே என்று டிரெசர் சொன்னது துடைத்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் வாசலில் வேறு பெண் நின்றாள். அந்த மலாய்க்கார அம்மாவை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

டப்பா பிடிபட்ட அன்று, நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. அரிசி கடத்திப் பிடிபட்டேன் என்று ஒரு லயத்தில், என்னை லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று இன்னொரு லயத்தில். மாமியார் மிச்சமிருந்த உருண்டைகளைச் சாக்கடையில் கரைத்துவிட்டு நின்றார்.

"மூஞ்சிக்காக ஜெயிலுக்குப் போகப் பாத்தாளே. இதோ, முன்னவிட மோசமா வந்து நிக்குது. தவணையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம குடிக்கிற."

அன்று சாயந்தரம் கணவரிடம் சொன்னேன். "டிரெசரு குடிக்கக் கூடாதுன்னாருங்க. நீங்க அத்தைகிட்ட சொல்லுங்க."

"அம்மாவும் புள்ளைக்காகத்தான் சொல்லுது."

"வலி வந்துட்டா?"

"டிரெசரு சொல்றதும் சரிதான்."

"ரெண்டும் எப்படிங்க சரியாகும்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "கொஞ்சமாக் குடியேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கறுப்பாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டு, சூடாக இருந்தது. குடிக்கிறவரை நகரமாட்டேன் என்று எதிரில் உட்கார்ந்தார். கீழே கொட்டலாம். கொட்டினால் இன்னொரு டம்ளர் வரும். குடிக்கமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவருடைய செத்துப்போன பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்காரும். உள்ளே என் பிள்ளை ஒருமுறை புரண்டது. நான் டம்ளரோடு எழுந்து வெளியே நடந்தேன்.

"எங்கடி போற?"

தலைத்துணி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் லயத்து ஜனம் முழுக்க வெளியே இருந்தது. சீட்டு விளையாடுகிறவர்கள், பேன் பார்க்கிறவர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். புண்ணான முகத்தோடு, சிந்தாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்தேன். பின்னால் மாமியார் திட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டிரெசர் பனியனோடு கொட்டகைக்கு வெளியே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் நுரை.

"இவங்க முன்னால சொல்லுங்க ஐயா. இத நான் குடிக்கலாமா?"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை முகர்ந்தார்.

"குடிக்கக் கூடாது. அன்னைக்கே சொன்னேன்."

"சிரங்கோட புள்ள பொறந்தா நீ பாப்பியா?" என்றார் மாமியார். "நான் பாத்தவ. ஒருத்தனக் குழியில வச்சவ. அன்னைக்கு இத நான் குடிச்சிருந்தா அவன் இருந்திருப்பான்."

டிரெசர் துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"இல்லம்மா. மூஞ்சியில வர்ற பரு வேற, புள்ளைக்கு வர்ற சிரங்கு வேற. நீங்க குடிச்சிருந்தாலும் அந்தச் சிரங்கு வந்திருக்கும். குடிச்சிருந்தா, புள்ள அந்த ஒரு வருசங்கூட இல்லாமப் போயிருக்கலாம்."

மாமியார் அவரையே பார்த்தார். "அப்ப அது என்னால இல்லயா?"

"இல்ல."

"எங்க ஆத்தா சாவற வரைக்கும் சொன்னாளே."

"சொல்லியிருப்பாங்க. உங்களால இல்ல."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அத்தனை நாள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதைத் தேடவும் இல்லை. பிறகு அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி மகனிடம் நீட்டினார்.

"எண்ணெ விக்கிற வெலயில இதக் கொட்ட முடியாது. நீ குடி."

என் கணவர் மறுக்காமல் குடித்தார். அவர் வாழ்க்கையில் யாருக்கும் எதையும் மறுத்தவர் இல்லை.

பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. ஆண் பிள்ளை, உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. பரு உடனே போய்விடவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் சில மாதங்கள் இருந்துவிட்டுத்தான் போனது. தோள்பட்டையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். என் கணவரால் பெரட்டுக்கு வர முடியவில்லை. அவருக்கு அன்றைய சம்பளம் போயிற்று.